வாசித்துக் காட்டிவிட்டு வா

போன மாதம் முத்துலெட்சுமி வீட்டுக்கு வந்திருந்தார். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்லூரியில், நான் எடுத்துவந்த எழுத்துப் பயிற்சி வகுப்பை இப்போது எடுப்பவர் அவர்தான். காப்பியைக் கையில் வாங்கிய உடனேயே புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

"சார், பிள்ளைய எல்லாம் கட்டுரையப் போன்லயே எழுதிட்டு வருது. அதுகூடப் பரவால்ல. நீங்களும் மேடமும் வச்சிட்டுப் போன மறுப்புப் பத்தி இருக்குல்லா, அதையும் போனே எழுதிக் குடுத்துருது. நான் என்ன செய்யட்டும்?"

"போன் எழுத ஆரம்பிக்கதுக்கு முன்னாலயும் பொய்யா எழுதிக் குடுத்தானுவம்மா" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய ஆட்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஒரு பதில் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார். போகும்போது, "அந்த வகுப்பு எப்படி நடந்துச்சுன்னு எழுதியாவது குடுங்க சார், புதுசா வாரவங்களுக்குக் காட்டலாம்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொன்னால் நிறுத்தமாட்டான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் எம்.ஏ., எம்.ஃபில். படித்தேன். கொஞ்ச காலம் டுட்டோரியலில் பாடம் எடுத்தேன். பிறகு இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது யாரும் விரும்பாத வகுப்பு. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். பாடப்பொருள் அறிவியலும் சமூகமும். பொதுத் தமிழ் என்றாலே பின்பெஞ்சில் தூங்குவதற்கான நேரம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள் அவர்கள்.

நானும் எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கரும்பலகையில் சட்டகம் போட்டேன். பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் பழகியபடி எழுதித் தந்தார்கள். எல்லாக் கட்டுரையும் 'இன்றைய நவீன உலகில் அறிவியலின் வளர்ச்சி அளப்பரியது' என்று தொடங்கும். 'அறிவியலை ஆக்கத்திற்குப் பயன்படுத்தி அழிவைத் தவிர்ப்போமாக' என்று முடியும். நடுவில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், இட்டிலிக்கு நடுவே சட்டினி வைத்த மாதிரி யாருக்கும் எந்தச் சேதமும் வராது. நான் எல்லாருக்கும் தாராளமாக மதிப்பெண் போட்டேன். திருத்துவதும் சுலபமாக இருந்தது.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் எஸ்தர் மேடம்.

எங்கள் துறைத்தலைவர். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ள, தமிழ் எம்.ஏ. படிக்க வந்தவர். தினமும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம், தொண்டை மட்டும் கணீரென்று இருக்கும். சிவப்பு மையைத் தொடமாட்டார். பிளேடால் சீவிய பென்சில்தான். கட்டுரையின் ஓரத்தில் கேள்விகளை மட்டுமே எழுதுவார். 'நன்று' என்றோ 'தவறு' என்றோ அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. பேசும்போதும் அதே வழக்கம்தான். டீ குடிக்கலாமா என்று நாம் கேட்டால்கூட, "உங்களுக்கு இப்பம் டீ வேணுமா, இல்ல இங்கேருந்து எந்திரிச்சுப் போகணுமா?" என்று திருப்பிக் கேட்பார். அவரோடு வேலை பார்த்த ஆரம்ப காலத்தில் எனக்கு அடிக்கடி எரிச்சல் வந்திருக்கிறது.

நான் திருத்திய கட்டுரைக் கட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தார். காற்றாலைகளின் நன்மைகள் என்பது தலைப்பு. வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"சார், இது எந்த ஊர்க் காத்தாடி?"

எங்கள் பக்கத்தில் காற்றாலையைக் காத்தாடி என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் எந்தப் பக்கம் போனாலும் ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டுரைகளில் இருந்ததோ எந்த ஊரிலும் இல்லாத காற்றாலை.

"நீங்க ஒன்னு எழுதித் தாங்களேன்?" என்றார்.

வீம்புக்கு எழுதினேன். பனவடலிசத்திரம் போய், காற்றாலைக்கு நிலம் கொடுத்த ஒரு விவசாயச் சம்சாரியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. மேடம் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார். 'இதை அவரிடம் வாசித்துக் காட்டினீர்களா?'

திரும்பவும் போனேன். வெயிலில் வேலியோரம் நின்று முழுக் கட்டுரையையும் வாசித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டார். முடித்ததும், "எல்லாம் சரிதான் சார். ஒன்னே ஒன்னு. எனக்குக் காத்தாடி பிடிக்கும்னு எழுதியிருக்கிய. எனக்குப் பிடிக்காது" என்றார்.

"நீங்க ஒன்னுஞ் சொல்லலியே அன்னைக்கு?"

"நிலத்தக் குடுத்தாச்சு. பெறகு என்னத்தச் சொல்ல? அதான் சும்மா இருக்கேன். சும்மா இருக்கதுக்குப் பேரு பிடிக்கதா?"

அந்தப் பதிலைக் கட்டுரையின் கடைசியில் அவர் சொன்னபடியே எழுதி மேடத்திடம் கொடுத்தேன். அன்றிலிருந்து அதுவே வகுப்பின் விதியாகிவிட்டது. நாங்கள் வைத்த பெயர் மறுப்புப் பத்தி. எந்த இயந்திரத்தைப் பற்றி எழுதினாலும், அதோடு வாழ்கிற ஓர் ஆளைப் பற்றி எழுத வேண்டும். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் எதை ஒத்துக்கொள்ளவில்லையோ அதை அவர் வாயால் சொன்னபடி கடைசியில் சேர்க்க வேண்டும். மறுப்பு இல்லாமல் வரும் கட்டுரையை மேடம் வாங்கமாட்டார். "மறுக்க ஒன்னுமே இல்லன்னா, ஒன்னு அவரு கேக்கல, இல்ல நீ எழுதல. ரெண்டுல எது?" என்பார்.

வகுப்பில் வாசிக்கக் கொடுக்கும் பாடங்களும் மாறின. அறிஞர்களின் உரைகளோடு, உர மூட்டையில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை, குக்கரோடு வரும் குறிப்புத்தாள், மின்தடை அறிவிப்பு, செல்போன் கோபுரத்தை எதிர்த்துத் தெருக்காரர்கள் எழுதிய மனு என்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்போம். ஒவ்வொன்றுக்கும் மேடம் கேட்பது இதே மூன்று கேள்விகள்தான். எழுதியவர் எங்கே நின்று பார்த்தார்? யாரைக் கேட்டார்? யாரைக் கேட்காமல் விட்டார்? குக்கர் குறிப்புத்தாளுக்குக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது ஒரு பெண், "எங்க அம்மாவ மேடம்" என்றாள். வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அம்மாவக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முத்துலெட்சுமியின் புலம்பலுக்கு வருகிறேன். கரிவலம்வந்தநல்லூர்ப் பையன் ஒருவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியைப் பற்றி எழுதியிருந்தான். போர் வண்டி ஓட்டுகிறவரின் மறுப்பு என்று கடைசியில் இருந்தது இது: 'தங்கள் கட்டுரை மிகவும் சிறப்பாக உள்ளது. எனினும் நிலத்தடி நீரின் முக்கியத்துவம் குறித்து இன்னும் சற்று விரிவாக எழுதியிருக்கலாம்.'

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"போர் போடுதவரு இப்படியா பேசுவாரு?"

"அவரு கொஞ்சம் படிச்சவரு மேடம்."

"அப்படியா? நம்பர் இருக்கா? போன் போடுவமா?"

பையன் தரையைப் பார்த்தான். மேடம் அவனைத் திட்டவில்லை. அடுத்த வாரம் அவன் உண்மையாகவே போய்விட்டு வந்தான். சட்டையெல்லாம் கல்மாவு. மறுப்புப் பத்தியில் ஒரே வரி இருந்தது. 'எனக்கு வேலை கெடக்கு, போலே அங்கிட்டு.' அதற்குக் கீழே, வண்டிச் சத்தத்தில் தான் கத்தி வாசித்த முதல் இரண்டு வரிகூட அவர் காதில் விழவில்லை என்று அவனாகவே எழுதியிருந்தான். மேடம் அதை வாங்கிக்கொண்டார். அந்த வருடத்துக் கட்டுரைகளில் எனக்கு ரொம்பப் பிடித்த மறுப்பு அதுதான்.

இப்படி வருடங்கள் போயின. விதி தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு பிள்ளையின் படிப்பையே கேட்கும் என்று நான் நினைத்ததில்லை.

அவள் பெயரை ரிஸ்வானா என்று வைத்துக்கொள்கிறேன். கடையநல்லூர். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஜெராக்ஸ் தாள்களின் ஓரத்தில் மேடத்தைப் போலவே பென்சிலால் கேள்வி எழுதி வைத்திருப்பாள். அவள் வாப்பா ரியாத்தில் ஒரு கம்பெனியின் குடோனில் வேலை பார்த்தார். வீட்டில் உம்மாவும் அவளும் மட்டும். நான் எழுதும் இதை முத்துலெட்சுமியிடம் கொடுப்பதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டி அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் மறுத்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

அவள் கொண்டுவந்த கட்டுரை இப்படித் தொடங்கியது:

'எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அது வந்ததிலிருந்து கூடத்தில் யாரும் இல்லை.'

வெளிநாட்டில் இருக்கும் ஆண்கள் ஊர் வீட்டில் கேமரா மாட்டி, அங்கிருந்தே போனில் பார்ப்பது அப்போது பரவிக்கொண்டிருந்தது. பேசுவதும் அதில் கேட்கும். ரிஸ்வானா அந்தக் கேமராவைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை. அது வந்த பிறகு வீட்டில் யார் எங்கே நகர்ந்தார்கள் என்று மட்டும் எழுதியிருந்தாள். மாமி வந்தால் நேரே அடுக்களைக்குப் போய்விடுகிறார். தோழிகள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கும் உம்மா பின்கட்டுக்குப் போய்விட்டார். படிக்கிற பாயைச் சுருட்டிக்கொண்டு அவளும் பின்னறைக்குப் போய்விட்டாள். கட்டுரை இப்படி முடிந்தது: 'எங்களைப் பார்ப்பதற்காக வாப்பா கேமரா வைத்தார். இப்போது அவர் தினமும் பார்ப்பது ஒரு சோபாவையும் ஒரு கடிகாரத்தையும்தான்.'

இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்த கட்டுரைகளில் இதுதான் சிறந்தது என்று அன்றைக்கே நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மறுப்புப் பத்தி மட்டும் இல்லை.

மேடம் கேட்டார்: "இத யாருட்ட வாசிச்சுக் காட்டணும்?"

"வாப்பாட்ட."

"காட்டுனியா?"

"காட்டுனா அன்னைக்கே படிப்ப நிறுத்திருவாங்க மேடம்." அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "ஏற்கனவே இந்த செமஸ்டரோட போதும்னு சொல்லிட்டாங்க. எப்பப் பாத்தாலும் வீட்ல ஆளக் காணோம், காலேஜ்னு சொல்லிட்டு எங்க சுத்துதன்னு சத்தம் போடுதாங்க. மாப்பிள்ள பாக்கவும் சொல்லியாச்சு."

"வீட்லதான் இருக்கேன்னு சொல்லலியா?"

"சொன்னேன். கேமராவுல காணலியேங்குதாங்க. அங்கன வந்து உக்காந்து படின்னா எனக்கு ஒரு வரி ஏறமாட்டேங்கி, மேடம். இதுல கேமராவப் பத்தி எழுதி வேற வச்சிருக்கேன்னு தெரிஞ்சா..."

அவளை அனுப்பிவிட்டு நான் மேடத்தோடு சண்டைக்கே போனேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. "ஒரு விதிக்காக ஒரு பிள்ளையோட படிப்ப காவு குடுக்கணுமா மேடம்? இந்த ஒன்ன மட்டும் மறுப்பு இல்லாம வாங்குனா யாரு கேக்கப் போறா?"

அவர், "வாசிக்கலன்னா படிப்பு இருக்குமா சார்?" என்றார்.

ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. ரிஸ்வானாவைக் கூப்பிட்டு, வேறு ஏதாவது இயந்திரத்தைப் பற்றி எழுத விருப்பமா என்று கேட்டார். அவளும் தலையாட்டிவிட்டுப் போய், கரண்ட் அடுப்பைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். குக்கர் குறிப்புத்தாளைவிடக் கொஞ்சம் சுவாரஸ்யமாக இருந்தது, அவ்வளவுதான். மேடம் அதை வாசித்து முடிக்கும்வரை நின்றவள் கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"பழச வாசிக்கேன் மேடம். எப்படியும் நிறுத்தத்தான் போறாங்க. ஏன்னு தெரிஞ்சிட்டு நிறுத்தட்டும். ஆனா வீட்ல வச்சு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை அவள் வாப்பாவுக்கு லீவு. எங்கள் மதிய இடைவேளையில் அங்கே ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் நேரம் இருக்கும். துறை அறையின் கதவைச் சாத்திவிட்டு, மேடம், நான், ரிஸ்வானா மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா, இந்நேரத்துல? உம்மாவுக்கு ஒன்னுமில்லியே?" பதறிய குரல்.

"ஒன்னுமில்ல வாப்பா. காலேஜ்லருந்து பேசுதேன். எங்க மேடமும் சாரும் பக்கத்துல இருக்காங்க. ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். நீங்க கேட்டுட்டு, அதுல தப்பு இருந்தா சொல்லணும்."

மேடம் வணக்கம் சொன்னார். அந்தப் பக்கமிருந்து மரியாதையாக ஸலாம் வந்தது. பக்கத்தில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம், யாரிடமோ மலையாளத்தில் "கொஞ்சம் சும்மா இரு" என்கிற மாதிரி ஏதோ அவர் சொன்னது, எல்லாம் கேட்டது.

அவள் வாசித்தாள். தாள் பிடித்த கை நடுங்கியது. இங்கே ரிஸ்வானாவின் மறுப்பு: கை நடுங்கவில்லை, மின்விசிறி வேகமாக வைத்திருந்தார்கள். அப்படியே இருக்கட்டும். அவள் வாசித்து முடித்தாள். போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அப்பொ நீ வீட்லதான் இருந்தியாம்மா?"

"ஆமா வாப்பா. பின் ரூம்ல."

"உம்மாவும்?"

"உம்மாவும்."

"நான் எப்பத் தொறந்து பாத்தாலும் அந்த சோபாதான் கெடக்கு. இங்க ரூம்ல எல்லாரும் பிள்ளையளப் பாத்துப் பேசுதானுவ. நான் சோபாவப் பாத்துட்டு மூடி வச்சிருவேன்" என்றார். "எங்கதான் போய்த் தொலைஞ்சாளுகளோன்னு எனக்குப் புத்தி எங்கெங்கயோ போச்சு."

ரிஸ்வானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேடம் போன் பக்கம் குனிந்தார். அவருடைய கேள்வி இன்னும் முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவ எழுதினதுல நீங்க ஒத்துக்கிடாதது ஏதாவது உண்டா?"

"இதுல நான் என்னத்தச் சொல்ல, டீச்சர். நடந்தத எழுதியிருக்கா." பிறகு, "ஒன்னு மட்டும் தப்பு" என்றார்.

"எது?"

"கேமராவ நான் வச்சேன்னு எழுதியிருக்கால்லா? நான் வைக்கலியே. அவ உம்மால்லா வைக்கச் சொன்னா. நான் என்னத்துக்கு வீட்டுக்குள்ள இதெல்லாம்னு வேண்டாம்னுதான் சொன்னேன். அவதான் ஒத்தக்கால்ல நின்னா."

ரிஸ்வானா தாளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "உம்மாவா? ஏன் வாப்பா?"

"எங்கிட்டயும் சொல்லல. அத அவகிட்டயே கேளு."

அவர் தொழுகைக்குக் கிளம்ப வேண்டும் என்று போனை வைத்துவிட்டார். படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரிஸ்வானா உட்கார்ந்தே இருந்தாள். கேமரா மாட்ட ஆள் வந்த அன்று உம்மா ஸ்டூலை எடுத்துப் போட்டுக் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். வாப்பா வாங்கச் சொன்னதாகத்தான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. யாரைக் கேட்காமல் விட்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ரிஸ்வானாவோடு அவள் உம்மாவும் பஸ் ஏறி வந்துவிட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்க சார், யாராவது எழுதணும்லா" என்று அவரே உட்காரச் சொன்னார்.

"பிள்ள வந்து கேட்டா. இவ எழுதுனா இவ பேச்சாத்தான் இருக்கும். அதான் நானே வந்தேன்."

"தண்ணி குடிக்கியளா?" என்றார் மேடம்.

"வேண்டாம் டீச்சர். சொல்லிட்டுப் போயிருதேன். ஆம்பள வெளிநாட்டுல இருக்க வீடு எங்க வீடு. ஒருநா கரண்டு வேலைக்கு ஒருத்தர் வந்தாரு. வேலையப் பாத்துட்டுப் போனாரு. மறுவாரம் என்னப் பத்தி எங்காதுல ஒரு சொல் விழுந்துச்சு. யாரு சொன்னான்னு நீங்க கேக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். அவுகளும் எங்க மனுசங்கதான்."

ரிஸ்வானாவின் முகம் மாறிவிட்டது. இது அவளுக்கும் புதிது.

"எம் மாப்பிள்ளைட்ட, இவ வாப்பாட்ட, நான் சொல்லி அழல. சொன்னா அங்க கெடந்து என்ன செய்வாக? கூடத்துல ஒரு கேமரா வைங்க, யாரு வாரா யாரு போறான்னு நீங்களே பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன். நாளப்பின்ன எவளும் வாயத் தொறக்கக் கூடாதுல்லா. மாட்டுன பெறகு எனக்கே அது முன்னால இருக்க முடியல. நான் பின்னால போனேன். இவளும் வந்துட்டா."

நான் எழுதினேன். எத்தனையோ பிள்ளைகளின் தாளில் அடித்துத் திருத்தியிருக்கிறேன், அன்று ஒரு சொல்லை மாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. மேடம் என் தாளை வாங்கி அவருக்கு வாசித்துக் காட்டினார். கரண்டு வேலைக்கு வந்தவரைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"இருக்கட்டும். இவ வாப்பாவும் கேக்கத்தான வேணும்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். ரிஸ்வானாவை ஒரு தரம் பார்த்தார்.

"எனக்குச் சாட்சி வேணும்னு வச்சது அது. எம் மவளுக்கு மட்டும் அது எப்படிக் காவலாப் போச்சுன்னு அவுகட்ட ஒரு வார்த்த கேக்கணும். இத்தன வருசத்துல நான் அவுகள எதுவும் கேட்டதில்ல. இவ கட்டுரையில இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க ரிஸ்வானா கட்டுரையைத் திருப்பி எழுதினாள். கேமராவை வாப்பா வைத்தார் என்ற வரியை எடுத்துவிட்டு, உம்மா சொன்னதையெல்லாம் அவர் சொன்னபடியே சேர்த்தாள். மேடத்தின் விதிப்படி, சேர்த்ததையும் வாப்பாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தத் தடவை எங்கள் அறைக்கு வரமாட்டேன் என்றாள். உம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வீட்டுக் கூடத்திலேயே, வாப்பாவுக்குப் போனையும் போட்டுவிட்டு, அந்தக் கேமராவுக்கு நேராக நின்று வாசிக்கப் போவதாகச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் கல்லூரிக்கு லீவு போட்டிருந்தாள். ஓர் ஆணிடம் அவன் மனைவி எத்தனையோ வருடம் கேட்காத கேள்வியை, ஒரு கட்டுரையின் பேரில், கேட்க வைத்திருக்கிறோம். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை இனிக் கல்லூரிக்கு வருவாளா என்பதுகூட எங்கள் கையில் இல்லை. மேடம் அன்று பென்சிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்பே அவள் துறை வாசலில் நின்றாள். கட்டுரையை மேடத்திடம் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் வாப்பாவின் மறுப்பு என்று தலைப்பு எழுதி, கீழே காலியாக விட்டிருந்தாள்.

"ஒன்னுமே சொல்லலியா?" என்றார் மேடம்.

"மறுப்புன்னு ஒன்னுஞ் சொல்லல மேடம். உம்மாகிட்ட, ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம் எங்கிட்ட ஒன்னு கேட்டாங்க. அது மறுப்பா இல்லியான்னு எனக்குத் தெரியல. அதான் எழுதல."

"என்ன கேட்டாரு?"

"லீவு முடிஞ்சு மூணாவது வருசத்துக்குக் காலேஜ் எப்பத் தொறக்கும்னு கேட்டாங்க."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ என்ன சொன்ன?"

"ஜூன் மாசம்னு சொன்னேன் மேடம்."